நம் வேலை, பென்சன், ரேஷன் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க வைப்பது எப்படி?

சங்கத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள், சமூகப் பணி படிக்கும் மாணவர்கள், மாவட்டச் செய்தியாளர்கள் என்று பலரும் கேட்பது ஒன்றுதான்: “எங்க பிரச்சினையை பார்லிமென்ட்ல எப்படிக் கொண்டு போறது?” பெரும்பாலானோர் மனதில் இருப்பது எம்.பி. ஆவேசமாகப் பேசுகிற காட்சி. அந்த வீடியோ வாட்ஸப்பில் ஓடும், அதோடு முடிந்துவிடும். காலத்துக்கும் கையில் நிற்பது எழுத்தில் கேட்ட கேள்வியும் அமைச்சர் எழுத்தில் தந்த பதிலும். நாளை வழக்குப் போட்டாலும், பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தாலும், அந்தத் தாளைத்தான் மேசையில் எடுத்துப் போட முடியும்.

ஆகவே இந்தக் கட்டுரை பேச்சைப் பற்றியது அல்ல. வேலைநிலை, சமூகப் பாதுகாப்பு, வீட்டுச் செலவுக்கான உதவிகள் ஆகிய மூன்றிலும் நல்ல கேள்வி ஒன்றைத் தயாரித்து, எம்.பி. வழியாக அவைக்குள் அனுப்பி, வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவது பற்றியது.

முதல் வேலை: பழைய பதில்களைப் படியுங்கள்

நீங்கள் கேட்க நினைக்கும் கேள்வியை ஏற்கெனவே யாராவது கேட்டிருப்பார்கள். நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் இரு அவைகளின் கேள்வி-பதில்களும் கிடைக்கின்றன. அமைச்சகம், உறுப்பினர் பெயர், தேதி, பொருள் என்று தேடலாம். எல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், தமிழில் கிடையாது. ஆங்கிலம் தடுமாறினால் படிக்கிற பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொழி நடை எளிதுதான், இருபது பதில் படித்தால் பழகிவிடும்.

படிக்கும்போது பதிலின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மாநில வாரியான பட்டியல் கடைசியில் இணைப்பாக இருக்கும், சரக்கு அங்கேதான். அப்புறம், கேள்வியில் (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்கு பகுதி இருந்து, பதில் “(அ) முதல் (ஈ) வரை” என்று ஒரே பத்தியாக வந்திருந்தால், விரல் வைத்து ஒவ்வொரு பகுதியாக ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தமாகக் கட்டிய பத்தியில் ஏதோ ஒரு பகுதிக்குப் பதில் இருக்காது. எது விடுபட்டதோ அதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

எந்த அமைச்சகம் என்பதில் கோட்டை விடாதீர்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. முதியோர் பென்சன் என்றால் சமூகநீதி அமைச்சகம் என்று நினைப்போம். ஆனால் அந்தப் பென்சனைத் தரும் தேசிய சமூக உதவித் திட்டம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்திடம் இருக்கிறது, நகரத்து முதியோருக்கும் சேர்த்து. பி.எஃப். பென்சன் தொழிலாளர் அமைச்சகம். அங்கன்வாடி, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. ஆஷா பணியாளர்கள் சுகாதாரத் துறை. பள்ளிச் சத்துணவு கல்வித் துறை. ரேஷன் உணவு மற்றும் பொது விநியோகத் துறை, காஸ் மானியம் பெட்ரோலியம். வேலையின்மைக் கணக்கெடுப்பு புள்ளியியல் அமைச்சகத்தின் வேலை.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாநில நல வாரியப் பணம் போன்றவை தமிழ்நாடு அரசின் கணக்கு. அதை டெல்லிக்கு எழுதினால் மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயம் என்று கேள்வியை ஏற்கவே மாட்டார்கள். அதற்கு எம்.எல்.ஏ.வைப் பிடித்துச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும்.

அமைச்சகம் மாறினால் பதில் எப்படி மாறும் என்பதற்கு 2020 செப்டம்பரை விடத் தெளிவான உதாரணம் இல்லை. கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, செப்டம்பர் 14 அன்று மக்களவையில் தொழிலாளர் அமைச்சகம் தந்த பதில்: அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை. இழப்பீடு கொடுத்தீர்களா என்பதற்கு, மேற்சொன்ன பதிலைப் பார்க்கையில் அந்தக் கேள்வியே எழவில்லை. நாடே கொதித்தது. சில நாட்களிலேயே மாநிலங்களவையில் திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் டெரெக் ஓ’பிரையன் கேட்ட கேள்விக்கு ரயில்வே அமைச்சகம் ஒரு எண்ணைச் சொன்னது: இந்தத் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்திருக்கிறார்கள்.

நடந்து போனவர்கள், லாரியில் போனவர்கள் எல்லாரும் இந்த 97-க்குள் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஒரே அரசு, ஒரே மாதம். ஓர் இடத்தில் தரவே இல்லை, இன்னோர் இடத்தில் எண் இருக்கிறது. காரணம், ரயிலில் ஒருவர் இறந்தால் போலீஸ் பதிவு செய்தாக வேண்டும், அந்தக் கணக்கு எங்கோ ஒரு பதிவேட்டில் ஏறியே தீரும். தொழிலாளர் அமைச்சகத்திடம் அப்படி ஒரு பதிவேடு இல்லை. அதனால் கேள்வி எழுதும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் கேட்கும் தகவல் யார் மேசையில் இருக்கிற எந்தப் பதிவேட்டில் இருக்கும்? அந்த மேசைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அமைச்சர்தான் உங்கள் ஆள்.

கேள்வியை எழுதுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விதிகள் சில உண்டு: அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது, வாதம் செய்யக் கூடாது, குத்தல் பேச்சு கூடாது, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைத் தொடக் கூடாது. “ஏழைகளின் கண்ணீரை அரசு அறியுமா?” என்று எழுதிக் கொடுத்தால் எம்.பி. அலுவலகமே ஒதுக்கி வைத்துவிடும். உணர்ச்சியெல்லாம் கூட இருக்கும் கடிதத்தில் போகட்டும். கேள்வியில் எண், தேதி, மாவட்டம், காரணம், இவ்வளவுதான்.

சாதனைப் பட்டியலை வாசிக்க அமைச்சருக்கு வாய்ப்பளிக்கும் கேள்வியைத் தவிருங்கள். ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் காஸ் இணைப்பு தரும் உஜ்வாலா திட்டத்தில் எத்தனை இணைப்பு என்று கேட்டால் 10 கோடிக்கு மேல் என்று பெருமையாகப் பதில் வரும். ஓர் உஜ்வாலா குடும்பம் வருஷத்துக்கு எத்தனை சிலிண்டர் மாற்றுகிறது என்று கேளுங்கள். அரசே சொன்ன கணக்குப்படி 2019-20-ல் சராசரி 3.01, 2023-24-ல் 3.95. கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாலு பேர் இருக்கிற வீட்டில் வருஷத்துக்கு நாலு சிலிண்டருக்குள் சமையல் முடிகிறது என்றால் மீதி நாள் அடுப்பு எதில் எரிகிறது? சிலிண்டர் மானியம் போதுமா என்ற விவாதத்துக்கு உயிர் தருவது இந்த இரண்டாவது எண்தான்.

வேலையின்மையும் அப்படித்தான். வேலையின்மை விகிதம் என்ன என்று கேட்டால், தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2017-18-ல் 6 சதவீதம், 2023-24-ல் 3.2 சதவீதம், பாதியாகக் குறைந்துவிட்டது என்று பதில் முடிந்துவிடும். அதே கணக்கெடுப்பில் வேலை பார்ப்பவர்கள் எந்த வகையில் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுயதொழில் செய்பவர்கள் 52.2 சதவீதத்திலிருந்து 58.4 ஆகியிருக்கிறார்கள். அதையும் பிரித்துக் கேளுங்கள். சொந்தமாகத் தொழில் நடத்துபவர்களின் பங்கு 38.6-லிருந்து 39-க்கு வந்து நிற்கிறது, கிட்டத்தட்ட அசையவே இல்லை. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்பவர்களின் பங்கு 13.6-லிருந்து 19.4 ஆகியிருக்கிறது. அப்பாவின் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரி மகனும், கணவரின் இட்லிக் கடையில் மாவாட்டும் மனைவியும் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர்கள். கையில் காசு வராவிட்டாலும் சரி. பிரித்துக் கேட்காதவரை இது வெளியே தெரியாது.

செயலி வழியாக வேலை பெறும் கிக் தொழிலாளர்கள் விஷயத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. ஸ்விக்கி, சொமேட்டோ, ஓலா, ஊபர் ஓட்டுகிறவர்களுக்குப் பாதுகாப்பு என்ன என்று யார் கேட்டாலும், 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு முதன்முறையாக அவர்களை வரையறுத்திருக்கிறது என்ற ஒரே பதில்தான் வருஷக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. சட்டம் நிறைவேறியது 2020 செப்டம்பரில், நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-ல். நடுவில் ஐந்து வருஷமும் வரையறையைச் சொல்லியே பதில் ஓடியது. அந்த வரையறையும் வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்றுதான் அவர்களை வைக்கிறது. இனி வரையறையைக் கேட்டுப் பயனில்லை, பணத்தைக் கேளுங்கள். நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும், தொழிலாளர்களுக்கு அவை கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. எந்தெந்த நிறுவனம் எவ்வளவு செலுத்தியது? எந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது? தமிழ்நாட்டில் எத்தனை பேர் எவ்வளவு பெற்றார்கள்? இப்படிக் கேட்டால் வரையறைக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

ஒரு மாதிரி

அங்கன்வாடியை எடுத்துக்கொள்வோம். அவர்கள் முழுநேரம் வேலை பார்க்கிறார்கள், ஆனால் மத்திய அரசின் நிலைப்பாட்டில் தொழிலாளர் அல்ல; உள்ளூரிலிருந்து சேவை செய்ய முன்வந்து மதிப்பூதியம் பெறுபவர்கள். முதன்மை மையப் பணியாளருக்கு அது 2018 அக்டோபர் 1 முதல் 3,000-லிருந்து 4,500 ரூபாய் ஆனது, உதவியாளருக்கு 1,500-லிருந்து 2,250. அதன் பின் எத்தனையோ கூட்டத்தொடரில் இதே தொகைதான் பதிலாக வந்தது. மாநிலம் கூடுதலாகப் போடுவது தனி. இதற்கிடையே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 1972-ன் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

இதை வைத்து, அங்கன்வாடி ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க அரசு முன்வருமா என்று கேட்டால், அத்தகைய யோசனை எதுவும் பரிசீலனையில் இல்லை என்று ஒரே வரியில் கதவு சாத்தப்படும். மாற்றி இப்படி எழுதலாம்:

(அ) மத்திய அரசு தரும் மதிப்பூதியம் கடைசியாக உயர்த்தப்பட்ட தேதியும் தொகையும் என்ன;
(ஆ) 2022-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை ஏதும் உண்டா, இருந்தால் அதன் தேதி;
(இ) தீர்ப்புக்குப் பின் ஓய்வுபெற்றவர்களில் பணிக்கொடை பெற்றவர்கள் எத்தனை பேர், மாநில வாரியாக, ஆண்டு வாரியாக;
(ஈ) வழங்கப்படாத மாநிலங்களில் அதற்கான காரணம் என்ன?

நான்கில் எதற்கும் வெறும் ‘இல்லை’ என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. (ஆ)வுக்கு ‘இல்லை’ என்றே வந்தாலும் அது உங்களுக்கு லாபம். தீர்ப்பு வந்தும் சுற்றறிக்கை அனுப்பவில்லை என்று அமைச்சரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். கேள்வியை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கொடுக்க வேண்டும் என்பதால் ஆங்கில வடிவத்தையும் நீங்களே தயாரித்துவிடுங்கள். 150 சொல்லுக்குள் அடக்குங்கள்.

எம்.பி.யிடம் கொடுப்பது

உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்று சட்டமில்லை. தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள். சொல்லப்போனால் பாலம், ரயில் நிறுத்தம் என்று ஊர்ப்பிரச்சினை துரத்தாத மாநிலங்களவை உறுப்பினர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குவார்கள். அமைச்சகங்களின் வேலையை ஆராய எம்.பி.க்களைக் கொண்ட நிலைக்குழுக்கள் உண்டு; சம்பந்தப்பட்ட குழுவில் யார் இருக்கிறார் என்று பார்த்துப் போவது இன்னும் நல்லது. அமைச்சராக இருப்பவரிடம் போகாதீர்கள், அவரால் கேள்வி கேட்க முடியாது.

நேரம் முக்கியம். பதில் வேண்டிய நாளுக்கு முழுதாக 15 நாள் முன்பே கேள்வி அந்த அவையின் செயலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் சில அமைச்சகங்கள் என்று முறை வைத்திருக்கிறார்கள், அந்த அட்டவணை கூட்டத்தொடருக்கு முன்பே வெளியாகிவிடும். பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று வருஷத்துக்கு மூன்று கூட்டத்தொடர். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனுவோடு போய் நின்றால், பார்க்கலாம் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தேதி அறிவித்த வாரமே போய்விடுங்கள். எம்.பி.யைப் பார்த்து சால்வை போடுவதை விட அவருடைய உதவியாளரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்குவது பலன் தரும். கேள்வியைப் பதிவேற்றுவது பெரும்பாலும் அவர்தான்.

குறியிட்ட கேள்வியா, குறியிடாததா என்று கேட்பார்கள். நட்சத்திரக் குறியிட்டதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக்கேள்வி கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் மட்டும் பதில். மக்களவையில் ஒரு நாளைக்குக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230. மாநிலங்களவையில் 15-ம் 160-ம். குலுக்கலில்தான் தேர்வு. குறியிட்டதில் இடம் கிடைத்தாலும் முதல் சில எண்களுக்குள் வராவிட்டால் நேரம் முடிந்துவிடும். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் இருபதும் முடிந்தது செய்தியாகவே வந்தது. 1972-க்குப் பிறகு அதுதான் முதல்முறையாம். எண்ணும் பட்டியலும் வேண்டுமென்றால் குறியிடாததே போதும். அமைச்சரை மடக்க வேண்டும் என்றால்தான் குறியிட்டது. அப்போது துணைக்கேள்வியையும் எம்.பி. கையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பதில் வந்தபின்

சில வாசகங்கள் திரும்பத் திரும்ப வரும். ‘மத்திய அளவில் தரவு பராமரிக்கப்படுவதில்லை’ என்றால் தரவு மாநிலத்திடம் இருக்கிறது என்று பொருள். அங்கே பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ‘தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் உள்ளது’ என்று ஆரம்பித்தால் பந்து மாநிலத்துக்குத் தட்டப்படுகிறது. மத்திய நிதியின் பங்கு எவ்வளவு என்று அடுத்த முறை கேட்டால் பந்து திரும்பி வரும்.

முதியோர் பென்சனில் இது நன்றாகவே வேலை செய்யும். தமிழ்நாட்டில் 2023-ல் தொகை 1,200 ரூபாய் ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மாதம் 200 ரூபாய், 80 ஆனால் 500. இந்த 200 என்பது 2007-ல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் வைத்தபோதே இருந்த தொகை. ஊரக வளர்ச்சி நிலைக்குழு இதை உயர்த்தச் சொல்லிப் பலமுறை பரிந்துரைத்துவிட்டது. ஆகவே உயர்த்துவீர்களா என்று மொட்டையாகக் கேட்பதைவிட, நிலைக்குழுவின் இன்ன பரிந்துரை மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று அறிக்கை எண்ணோடு கேட்பது கனம். நிலைக்குழுவில் மக்களவையினர் 21, மாநிலங்களவையினர் 10 என 31 பேர் இருப்பார்கள், பல கட்சிக்காரர்கள். கேமரா இல்லாததால் ஆளுங்கட்சி எம்.பி.க்கள்கூட அங்கே மனம்விட்டுக் கேட்பார்கள். அவர்கள் அறிக்கைக்கு அரசு மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும், அந்தப் பதிலை வைத்துக் குழு இன்னோர் அறிக்கை போடும். பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் ஒவ்வோர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் (அந்த வருஷச் செலவுக்கு அது கேட்கும் நிதி) அங்கே அலசப்படும். உங்கள் சங்கத்தின் குறிப்பை அதற்கு முன்பே குழு உறுப்பினரிடம் சேர்த்துவிட்டால், அதிகாரிகளிடம் கேட்க அவருக்குக் கையில் சரக்கு இருக்கும்.

இன்னொரு வாசகம் பொன்னானது: ‘தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்.’ கேட்டதும் கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதைப் போலவே இதுவும் அவைக்குத் தந்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அமைச்சகம் அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்று இரு அவையிலும் தனித்தனியாக உண்டு. மூன்று மாதம் கழித்து அந்த எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, கேள்வி எண்ணையும் தேதியையும் சொல்லி நினைவூட்டுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

எம்.பி. யாருமே கிடைக்கவில்லையா? மனுக்கள் குழு இருக்கிறது. குடிமக்கள் யாரும் எழுதலாம். மக்களவையில் முறைப்படி மனுவாகத் தாக்கலாக வேண்டுமென்றால் ஓர் உறுப்பினரின் மேலொப்பம் (அவரும் கூடக் கையெழுத்திடுவது) வேண்டும். அது இல்லாமல் நேரடியாக அனுப்பும் முறையீடுகளையும் குழு எடுத்துப் பார்க்கும். தமிழில் எழுதினால் கூடவே ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைத்து, அதிலும் மனுதாரரே கையெழுத்திட வேண்டும். சங்கத்தின் லெட்டர்பேடில் தலைவர் மட்டும் கையெழுத்திடாமல், பாதிக்கப்பட்டவர்கள் நாலு பேர் பெயர், முகவரியோடு கையெழுத்திட்டு அனுப்புங்கள். பதில் கடிதம் யார் முகவரிக்கு வர வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.